கேள்வித்தாள், கணக்கேடு, குலுக்கல், கூடவே இருந்து பார்ப்பது: செயல்திறனை எதைக் கொண்டு அளப்பது?

"தொழில்நுட்ப ஏற்பும் நிறுவனச் செயல்திறனும்" என்ற தலைப்புக்கு முன்னால் ஏதாவது ஒரு துறையின் பெயரைச் சேர்த்து எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன. முன்பு ஈஆர்பி (நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளின் வேலையையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்), பிறகு மேகக் கணிமை, இப்போது செயற்கை நுண்ணறிவு. தொழில்நுட்பத்தின் பெயர் மாறுகிறது, ஆய்வு முறை மாறுவதில்லை. சில நூறு மேலாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவது, ஐந்து புள்ளி அளவுகோலில் டிக் வாங்குவது, மென்பொருளில் ஏற்றி அம்புக்குறிப் படம் எடுப்பது, "நேர்மறையான, குறிப்பிடத்தக்க தாக்கம் உள்ளது" என்று முடிப்பது.

அதே கேள்விக்கு விடை தேட இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. நிறுவனங்களின் கணக்கு எண்களைப் பல ஆண்டுகளுக்குத் தொகுத்துப் பார்க்கலாம். சில நிறுவனங்களுக்குக் குலுக்கல் முறையில் தொழில்நுட்பத்தைக் கொடுத்து, மற்றவற்றுக்குக் கொடுக்காமல் ஒப்பிடலாம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இவற்றில் எதைத் தேர்வது என்று யோசிப்பவருக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மக்கள் ஒரு கருவியை ஏன் ஏற்கிறார்கள் என்று அறியக் கேள்வித்தாள் நல்ல வழி. அதனால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்று அறிய, நான்கில் அதுவே ஆகப் பலவீனமான வழி.

கேள்வித்தாளின் பெருமையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உண்மையான பெருமை. ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்த மரபின் வேர். 152 பயனர்கள், நான்கு மென்பொருட்கள், இரண்டு ஆய்வுகள். ஒரு மென்பொருள் தனக்குப் பயன்படும் என்று ஒருவர் நினைப்பதையும், அது எளிது என்று நினைப்பதையும் அவர் தனித்தனியாக அளந்தார். முதல் ஆய்வில், பயன்பாட்டோடு பயனுடைமைக்கு இருந்த ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, அதிகபட்சம் 1) 0.63, எளிமைக்கு 0.45. இரண்டாவதில் 0.85, 0.59. மனிதர்கள் பயனுள்ள கருவிக்காகச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். எளிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பயனற்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழமாட்டார்கள். திரையை அழகாக்குவதிலேயே முழுக் கவனத்தையும் வைக்கும் மென்பொருள் குழுக்களுக்கு இன்றும் இது தேவையான பாடம். 2003-இல் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட அவருடைய சகாக்களும், ஏற்பை விளக்க அதுவரை புழங்கிய எட்டுக் கோட்பாட்டு மாதிரிகளை ஒன்றாக்கினார்கள். பயன்படுத்தும் எண்ணத்தில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 70 சதவீதத்தை அந்த ஒருங்கிணைந்த மாதிரி விளக்கியது. சமூக அறிவியலில் இது மிகப் பெரிய எண்.

ஆனால் 1989-ஆம் ஆண்டு அட்டவணையில் "பயன்பாடு" என்று இருப்பது எது என்று பாருங்கள். முதல் ஆய்வில் அது, தான் எவ்வளவு பயன்படுத்துகிறேன் என்று பயனரே சொன்னது. இரண்டாவதில், இனி எவ்வளவு பயன்படுத்துவேன் என்று அவரே கணித்தது. டேவிஸ் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதினார். அவருடைய கேள்விக்கு அது பெரும்பாலும் போதுமானதாகவும் இருந்தது. அந்தச் சங்கிலியின் கடைசியில் "நிறுவனச் செயல்திறன்" என்ற பெட்டியைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டியபோதுதான் விவகாரம் தொடங்கியது.

ஒரு மேலாளர் கேள்வித்தாளை நிரப்புவதைக் கற்பனை செய்யுங்கள். மூன்றாம் பக்கத்தில் "எங்கள் நிறுவனம் புதிய தொழில்நுட்பத்தைத் திறம்படப் பயன்படுத்துகிறது" என்பதற்கு 5 போடுகிறார். ஐந்தாம் பக்கத்தில் "போட்டியாளர்களைவிட எங்கள் செயல்திறன் மேம்பட்டுள்ளது" என்பதற்கும் 5 போடுகிறார். ஒரே மனிதர், ஒரே பேனா, ஒரே கால் மணி நேரம். நிறுவனத்தின்மீது அவருக்கு நல்ல எண்ணம் இருந்தால் இரண்டும் உயரும், சலிப்பு இருந்தால் இரண்டும் தாழும். இவற்றுக்கு இடையே ஒட்டுறவு வராமல் இருந்தால்தான் வியக்க வேண்டும். இதைப் பொது முறைச் சாய்வு என்பார்கள். போட்சகாஃபும் சகாக்களும் 2003-இல் இதன் ஊற்றுகளையும் தடுக்கும் வழிகளையும் விரிவாகத் தொகுத்தார்கள். ஆய்வேடுகளில் அதற்குக் கிடைக்கும் மரியாதை பெரும்பாலும் ஒரே வரி: "ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனை செய்யப்பட்டது, சாய்வு இல்லை." எல்லாப் பதில்களும் ஒரே காரணியில் குவிகின்றனவா என்று பார்க்கும் அந்தச் சோதனை போதாது என்று எச்சரித்ததும் அதே 2003 கட்டுரைதான். எச்சரித்த கட்டுரையையே சான்றாகக் காட்டிச் சோதனையைக் கடந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. தொழில்நுட்பத்தில் பணத்தைப் போட்டு நொடித்துப்போன நிறுவனத்தின் மேலாளருக்குக் கேள்வித்தாள் போய்ச் சேர்வதில்லை. பதில் எழுத அங்கே ஆள் இல்லை.

சரி, அபிப்பிராயத்தை விட்டுவிட்டு எண்களுக்குப் போகலாம். "கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை" என்ற பொருளில் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987-இல் எழுதிய வரி, ஒரு தலைமுறை ஆய்வாளர்களை அலைக்கழித்தது. ஒரு நாட்டின் மொத்த எண்ணைப் பார்ப்பதை விட்டு நிறுவனம் நிறுவனமாகப் பார்த்தபோதுதான் ஏதோ தெரியத் தொடங்கியது. எரிக் பிரின்யோல்ஃப்சனும் லோரின் ஹிட்டும் 1996-இல் 367 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் தரவைக் கொண்டு, கணினி முதலீடு உற்பத்திக்குக் கணிசமாகப் பங்களிக்கிறது என்று காட்டினார்கள். அவர்களுடைய 2003 கட்டுரையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். 527 நிறுவனங்கள், 1987 முதல் 1994 வரை. ஓராண்டு இடைவெளியில் பார்த்தால் கணினியின் பங்களிப்பு ஏறக்குறைய அதற்கான செலவுக்கு ஈடாக இருக்கிறது. ஐந்து முதல் ஏழு ஆண்டு இடைவெளியில் பார்த்தால் அதே பங்களிப்பு ஐந்து மடங்கு வரை பெருகுகிறது. இடைப்பட்ட காலத்தில் நிறுவனங்கள் வேலை முறையை மாற்றுகின்றன, ஆட்களைப் பயிற்றுவிக்கின்றன, யார் எதை முடிவெடுப்பது என்பதைத் திருத்துகின்றன. கணினியோடு கைகோத்து வரும் அந்தச் செலவுகள் எந்தச் சொத்துப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

பால் டேவிட் 1990-இல் மின்சார டைனமோவை எடுத்துக்காட்டிச் சொன்னதும் இதுதான். நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் மின் மோட்டாரை வைத்த ஆலைகளுக்குப் பெரிய லாபம் இல்லை. கூரையில் ஓடிய பொதுத் தண்டையும் தோல் பட்டைகளையும் கழற்றி, ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் கொடுத்து, பொருள் நகரும் வரிசைப்படி ஆலையையே மாற்றிய பிறகுதான் உற்பத்தித்திறன் எகிறியது. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. மென்பொருள் வந்த ஆறாம் மாதம் கேள்வித்தாளோடு போய் நிற்பவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கேட்டு வழிக்கும் ஒரு பொறி இருக்கிறது. 1993-இல் ஆலன் குரூகர், வேலையில் கணினி பயன்படுத்துவோர் 10 முதல் 15 சதவீதம் வரை கூடுதல் ஊதியம் பெறுகிறார்கள் என்று காட்டினார். 1997-இல் ஜான் டினார்டோவும் யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேவும் ஜெர்மனியின் தரவை எடுத்து அதே கணக்கைப் பென்சிலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வேலையில் பேனா, பென்சில் பிடிப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே போன்ற கூடுதல் ஊதியம் தெரிந்தது. உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் அப்படியே. பென்சில் கொடுத்தால் சம்பளம் ஏறும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர் கையில்தான் பென்சிலும் கணினியும் இருக்கின்றன. நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். நன்றாக நடக்கும் நிறுவனம்தான் புதிய தொழில்நுட்பத்தை முதலில் வாங்குகிறது. தரவு எத்தனை ஆயிரம் வரிகள் இருந்தாலும், எது முன், எது பின் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்த முடிச்சை வெட்டத்தான் குலுக்கல். யாருக்குத் தொழில்நுட்பம் போகிறது என்பதை நிறுவனத்தின் தகுதியோ ஆர்வமோ தீர்மானிக்காமல், சீட்டு தீர்மானிக்கிறது. நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் மும்பை அருகே 17 நெசவு நிறுவனங்களின் 28 ஆலைகளில் செய்த சோதனை 2013-இல் வெளியானது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட எல்லா ஆலைகளுக்கும் ஒரு மாதம் ஆலோசகர்கள் வந்து குறைகளைக் கண்டு சொன்னார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் மேலும் நான்கு மாதங்கள் கூடவே நின்று, தரப் பதிவு, நூல் இருப்புக் கணக்கு, எந்திரப் பராமரிப்பு என்று 38 நடைமுறைகளைக் கொண்டுவர உதவினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. இன்னொன்றும் நடந்தது: பதிவுகளை வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அந்த ஆலைகளில் கணினிப் பயன்பாடும் கூடியது. தொழில்நுட்பம் நிர்வாகத்தை மேம்படுத்தும் என்று நம் ஆய்வேட்டுப் படங்களில் வரையும் அம்பு, இங்கே எதிர்த்திசையில் போகிறது.

அதே குழு ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தது. அந்த முடிவு 2020-இல் வந்தது. ஏற்ற நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறியதும், உரிமையாளருக்கு நேரம் இல்லாமல் போனதும் காரணங்களில் சில. ஆனாலும் உதவி பெறாத ஆலைகளோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிதாகவே இருந்தது. "ஏற்றார், ஏற்கவில்லை" என்று ஒரே நாளில் குறித்துக்கொள்ளும் ஆய்வுக்கு இந்தப் பாதித் தேய்மானம் கண்ணிலேயே படாது.

எனக்கு இதைவிடவும் பிடித்தது, பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து தயாரிக்கும் நிறுவனங்களில் நடந்த சோதனை. டேவிட் ஆட்கினும் சகாக்களும் 2017-இல் வெளியிட்டார்கள். செயற்கைத் தோலிலிருந்து ஐங்கோணத் துண்டுகளை வெட்டும் அச்சை மாற்றியமைத்து, தோல் வீணாவதைக் குறைக்கும் ஒரு வடிவத்தை அவர்களே உருவாக்கி, குலுக்கலில் தேர்ந்த நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். பதினைந்து மாதங்கள் ஆகியும் ஏற்றவர்கள் மிகச் சிலரே. ஏன்? வெட்டும் தொழிலாளிக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. புது அச்சில் தொடக்கத்தில் வேகம் குறையும், கூலி குறையும். மிச்சமாகும் தோலின் பணம் முதலாளிக்குப் போகும். ஆகவே இந்த அச்சு சரிவராது என்று தொழிலாளிகள் முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு, மறுபடியும் குலுக்கலில் தேர்ந்த சில நிறுவனங்களில், புது அச்சை முதலாளிக்குச் செய்து காட்டினால் ஒரு மாத வருமானத்துக்கு ஈடான தொகை தருவதாகத் தொழிலாளிக்குச் சொன்னார்கள். ஏற்பு கணிசமாக உயர்ந்தது. இங்கே முதலாளியிடம் கேள்வித்தாள் கொடுத்திருந்தால் "பயனுடைமை" 1 அல்லது 2 என்று வந்திருக்கும். அந்த எண் பொய்யாகவும் இருக்காது. அவருக்கு யார், எதற்காக அப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது.

குலுக்கலின் குறை எல்லாருக்கும் தெரிந்ததே: செலவு அதிகம், நிறுவனங்கள் கொஞ்சம். பதினேழு நெசவு நிறுவனங்களில் கண்டது மருத்துவமனைக்கு எவ்வளவு பொருந்தும் என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ஈஆர்பி போன்ற ஒன்றைக் குலுக்கல் போட்டு யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

நான்காவது வழி மேலாண்மைத் துறைகளில் "மாதிரி எண்ணிக்கை போதாது" என்று எளிதில் ஒதுக்கப்படுகிறது. அது பெரிய இழப்பு. ஸ்டீஃபன் பார்லி 1986-இல் எழுதிய கட்டுரையில் மாதிரி இரண்டே இரண்டு மருத்துவமனைகள். இரண்டிலும் ஒரே வகை சிடி ஸ்கேனர். கதிரியக்க மருத்துவரும் தொழில்நுட்பரும் நாள்தோறும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் யாரைக் கேட்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார். ஒரே எந்திரம் இரண்டு இடத்தில் இரண்டு விதமான அதிகார அமைப்பைக் கொண்டுவந்தது. எந்திரத்துக்கென்று நிலையான தாக்கம் ஒன்று உண்டு என்ற நினைப்பை அசைக்க இரண்டு இடங்கள் போதுமாக இருந்தன. வாண்டா ஒர்லிகோவ்ஸ்கி 1992-இல், ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் லோட்டஸ் நோட்ஸ் புகுந்த கதையை எழுதினார். அறிவைப் பகிர்வதற்கான மென்பொருள் அது. அங்கேயோ பதவி உயர்வு தனிமனிதப் போட்டியில் கிடைப்பது. மென்பொருளைக் கற்கும் நேரத்தை எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் எழுத முடியாது. தெரிந்ததைப் பொதுவில் வைக்க யாருக்கு மனம் வரும்? மென்பொருள் எல்லா மேசைக்கும் வந்தது. பகிர்தல் வரவில்லை. எத்தனை சதவீதம் என்று இந்த வழி சொல்லாது. ஆனால் அடுத்த கேள்வித்தாளில் என்ன கேட்க வேண்டும் என்பதை இதுதான் கற்றுத்தரும்.

அப்படியானால் பணமும் செல்வாக்கும் இல்லாத ஒரு முனைவர் பட்ட மாணவர் எதை எடுப்பது? நிறுவனங்கள் மென்பொருளை எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை என்பதை அவர் பிடித்துக்கொள்ளலாம். இந்த மாதம் நான்கு கிளை, அடுத்த மாதம் ஐந்து என்று படிப்படியாகப் போகும். முன்னால் பெற்ற கிளையையும் இன்னும் பெறாத கிளையையும் அதே மாதங்களில் ஒப்பிடலாம். குலுக்கல் அளவுக்கு உறுதி இல்லை. யாருக்கு முதலில் என்று எதைப் பார்த்துத் தீர்மானித்தார்கள் என விசாரிக்க வேண்டும். ஆனாலும் ஐந்து புள்ளி அளவுகோலைவிட இது எவ்வளவோ மேல். பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சே ரேமண்ட் மூவரும் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,000-க்கும் மேற்பட்டோரை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். செயற்கை நுண்ணறிவு உதவியால் ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் புகார்கள் சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு வரை கூடின. கைதேர்ந்தவர்களுக்குப் பலன் மிகச் சொற்பம். சராசரிக்குள் ஒளிந்திருக்கும் இந்த வேறுபாடு, பதிவேட்டில் ஆளுக்கு ஆள் எண் இருந்ததால் தெரிந்தது.

என் தேர்வு இதுதான்: படிப்படியான அறிமுகத்தின் கணக்கு எண்கள், அதோடு ஓரிரு கிளைகளில் சில வாரங்கள் உட்கார்ந்து பார்ப்பது. கால்பந்து ஆலையில் நடந்தது போன்ற ஒன்று உங்கள் கிளையில் நடந்தால் எண்கள் அதைச் சொல்லாது, நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

நிறுவனம் கணக்கைக் காட்ட மறுத்து, கேள்வித்தாள் ஒன்றே வழி என்று ஆகிவிட்டாலும் கொஞ்சம் காப்பாற்றலாம். தொழில்நுட்பம் பற்றிய கேள்விகளைப் பயன்படுத்தும் ஊழியரிடம் கேளுங்கள், செயல்திறன் பற்றியவற்றை வேறொருவரிடம், சில மாதங்கள் கழித்துக் கேளுங்கள். பயன்பாட்டின் அளவைச் சர்வர் பதிவிலிருந்து எடுக்க முடியுமா என்று ஒருமுறையாவது தகவல் தொழில்நுட்பப் பிரிவில் விசாரியுங்கள். கணக்கைக் காட்ட மறுப்பவர்கள்கூட, பெயர் நீக்கிய அந்தப் பட்டியலைச் சில நேரம் கொடுப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஆய்வேட்டின் தலைப்பில் "செயல்திறன்" என்பதை "மேலாளர்கள் உணரும் செயல்திறன்" என்று மாற்றிவிடுங்கள்.