கரண்ட் போய் வந்தால் தானே எழும்புமா? டேட்டா சர்வருக்கான ஸ்டார்ட்டப், போர்ட், லாக்: ஒரு ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் டேட்டா சர்வர் ஓடுவது பெரும்பாலும் சின்ன இடங்களில்தான். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடை, குளச்சல் பக்கம் ஐஸ் பிளான்ட், நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனை லேப். ஒரு லினக்ஸ் பெட்டி, அதில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர், பக்கத்தில் ஒரு யுபிஎஸ், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு, இரண்டிலும் கரண்ட் போகும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதனால் எந்த முறை நல்லது என்று யார் கேட்டாலும் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: கரண்ட் திரும்பியதும் யாரும் தொடாமல் சர்வர் எழும்புமா, இடையில் என்ன நடந்தது என்று அப்புறம் சொல்லுமா.

ஸ்டார்ட்டப்பில் இன்னும் பலர் வைத்திருப்பது கையால் எழுதிய பழைய இனிட் ஸ்கிரிப்ட், அதாவது பூட் ஆகும்போது சர்வரைத் தொடங்கி வைக்கும் கட்டளை ஃபைல். அதன் பலவீனம் பிஐடி ஃபைல். ஓடுகிற பிராசஸின் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, அந்த எண் உயிரோடு இருந்தால் சர்வர் ஓடுகிறது என்று ஸ்கிரிப்ட் நம்பும். கரண்ட் திடீரென்று போனால் அந்த ஃபைலை அழிக்க யாரும் இல்லை, டேட்டா டைரக்டரி மாதிரி வட்டில் நிலைத்திருக்கிற இடத்தில் அது இருந்தால் அப்படியே கிடக்கும். மறுபடி பூட் ஆகும்போது அதே எண் வேறு ஏதோ ஒரு பிராசஸுக்குப் போயிருந்தால், "ஏற்கெனவே ஓடுகிறது" என்று சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் ஒதுங்கிக்கொள்ளும். பில் போட வந்தவர் காலையில்தான் கண்டுபிடிப்பார். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ரீபூட்டில் ஓட வைப்பது இதைவிட மோசம். எது முதலில் எது பின்னால் என்ற வரிசையே அதில் இல்லை, சர்வர் விழுந்தால் எழுப்பவும் மாட்டாது.

இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் சர்வீஸ்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி இதில் தெளிவாக முந்துகிறது. ஒரு சர்வரின் பிராசஸ்களைச் சிகுரூப் என்ற குழுவாகப் பிடித்து வைத்திருப்பதால் பிஐடி ஃபைலை நம்ப வேண்டியதில்லை, யூனிட்டில் (சர்வரை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஃபைல்) ரீஸ்டார்ட் வரியைப் போட்டால், விழுந்ததும் தானே எழுப்பும். ஆனால் அதன் இயல்பு அமைப்புகளை அப்படியே விடக் கூடாது, இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். தயாரானதும் சர்வரே தகவல் சொல்கிற நோட்டிஃபை வகை யூனிட்டில், 90 வினாடிக்குள் "தயார்" என்று தகவல் வராவிட்டால் சிஸ்டம்டி அந்த சர்வரைக் கொன்றுவிடும். கரண்ட் போய் வந்த போஸ்ட்கிரெஸோ வால் ஃபைல்களை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைத்த பதிவுகளைப் படித்து மீட்பு வேலை செய்துகொண்டிருக்கும், பழைய ஹார்டுடிஸ்கில் அது 90 வினாடியைத் தாண்டுவது சாதாரணம். பாதியில் கொன்று, திரும்ப எழுப்பி, திரும்பக் கொன்று இப்படியே சுற்றும். போஸ்ட்கிரெஸின் கையேட்டிலேயே டைம்அவுட்டை இன்ஃபினிட்டி என்று வைத்த மாதிரி யூனிட் இருக்கிறது. சோர்ஸில் இருந்து நிறுவி நீங்களே யூனிட் எழுதினால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்தது ரீஸ்டார்ட் இடைவெளி: வழக்கமான அளவு வெறும் 100 மில்லிசெகண்ட், 10 வினாடிக்குள் 5 முறை எழுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். 10 வினாடி இடைவெளி கொடுத்தால் அந்த வரம்பில் சிக்காது.

லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு சிஸ்டம்டி தேவையில்லை. ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் ஒரு வரி போதும், வரிசையையும் அது சரியாகப் பார்க்கும். விழுந்த சர்வரைத் தானே எழுப்பாது என்பது மட்டும் குறை.

போர்ட் விஷயத்தில், போஸ்ட்கிரெஸின் வழக்கமான எண்ணான 5432-ஐ மாற்றினால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஸ்கேன் செய்கிறவனுக்கு அது தடையே இல்லை. அதோடு 45000 மாதிரி ஒன்றை எடுத்தால் அது லினக்ஸ் வெளியே போகிற இணைப்புகளுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் 32768 முதல் 60999 வரையான எண்களுக்குள் வருகிறது. அந்த நேரம் பார்த்து வேறு இணைப்பு அதைப் பிடித்திருந்தால் சர்வர் எழும்பாது. 5432 இருக்கட்டும்.

எந்த முகவரியில் கேட்பது என்பதுதான் உண்மையான கேள்வி. லோக்கல்ஹோஸ்டோடு கடையின் லேன் முகவரியையும் எழுதுவது சுத்தமாகத் தெரியும். ஆனால் கரண்ட் வந்ததும் ரவுட்டரும் ஸ்விட்ச்சும் தயாராகும் முன் சர்வர் பூட் ஆகிவிட்டால் அந்த லேன் முகவரி இன்னும் பிறந்திருக்காது. போஸ்ட்கிரெஸ் ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு லோக்கல்ஹோஸ்டில் ஓடத் தொடங்கும். சிஸ்டம்டியைக் கேட்டால் பச்சை, சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரி, பில்லிங் கம்ப்யூட்டருக்கு மட்டும் இணைப்பு இல்லை! நெட்வொர்க் தயார் என்று சிஸ்டம்டி சொல்லும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்குக் காத்திருக்கச் சொல்லலாம், அதற்கும் நேர வரம்பு உண்டு. எல்லா முகவரியிலும் கேட்கச் சொல்லி, ஃபயர்வாலிலும், யார் இணையலாம் என்று போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லும் பிஜி_ஹெச்பிஏ ஃபைலிலும் லேனை மட்டும் அனுமதிப்பதே என் தேர்வு. ஃபயர்வால் போடாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்ளிகேஷனும் அதே பெட்டியில் என்றால் பெட்டிக்குள்ளேயே இணைக்கும் யூனிக்ஸ் சாக்கெட்டே போதும், வெளியே எதையும் திறக்க வேண்டாம்.

லாக்கில் போட்டி, சிஸ்டம்டியின் பதிவு சேகரிப்பான ஜர்னல்டிக்கும், லாக்கைத் தானே ஃபைலில் எழுதும் போஸ்ட்கிரெஸின் சொந்த கலெக்டருக்கும். ஜர்னலில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், தேடுவதும் எளிது. ஆனால் அதன் ஸ்டோரேஜ் ஆட்டோ என்றிருந்து, வட்டில் இருக்கும் /var/log-இன் கீழ் ஜர்னல் டைரக்டரி இல்லையென்றால் பதிவெல்லாம் /run டைரக்டரியில், அதாவது மெமரியில். கரண்ட் போனால் காரணமும் சேர்ந்து போகும். டைரக்டரி இருந்தாலும், அவசர வகைச் செய்திகள் தவிர மற்றதை வட்டில் உறுதி செய்வது 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான்.

கலெக்டரில் ஃபைல் பெயரைக் கிழமைப்படி வைத்து, சுழற்சியின்போது பழையதை அழிக்கச் சொன்னால் ஏழு ஃபைலோடு முடிந்தது, பழைய லாக்கைச் சுழற்றும் லாக்ரொடேட் என்ற தனிக் கருவி வேண்டாம், வாரக்கணக்கில் லாக் சேர்ந்து வட்டும் நிரம்பாது. நேரப்படி சுழலும்போது மட்டுமே அழிக்கும், ரீஸ்டார்ட்டில் அழிக்காது என்பது நமக்கு ரொம்ப நல்லது, ஒரே நாளில் எத்தனை முறை கரண்ட் போனாலும் அன்றைய பதிவு தப்பும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சர்வர் அணைந்திருக்கும்போது கிழமை மாறினால், போன வாரத்து திங்கள் பதிவின் அடியிலேயே இந்தத் திங்கள் பதிவு சேரும், அதனால் தேதியைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

டேட்டாபேஸ் லாக்குக்கு நான் கலெக்டர் பக்கம். ஆனால் கலெக்டர் எழும்பும் முன் வருகிற பிழைகள் ஜர்னலில்தான் விழும், ஆகவே அந்த ஜர்னல் டைரக்டரியையும் இன்றே உருவாக்கிவிட்டு, கடை மூடிய பின் போஸ்ட்கிரெஸின் முதன்மைப் பிராசஸைக் கில் -9 கொடுத்து திடீரென்று நிறுத்தி, தானே எழும்புகிறதா, பில்லிங் கம்ப்யூட்டரில் இருந்து இணைகிறதா என்று மழை தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள்.