சுங்குடிச் சேலை: ஏழு வருஷமாகக் கட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி வரவைக்கிற மதுரைப் பருத்திச் சேலைதான் சுங்குடி. என் முதல் சுங்குடியை நான் ஏமாந்துதான் வாங்கினேன். 2018இல் மதுரைக்கு மாற்றலாகி வந்த புதிது. விளக்குத்தூண் பக்கம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது "வாங்கக்கா, ஒரிஜினல் கைமுடிச்சு" என்று ஒரு தம்பி கூப்பிட்டார், போனேன், மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட ஒன்றைப் பார்த்ததும் வேறு எதையும் விரிக்கச் சொல்லவே தோன்றவில்லை, 600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா சௌராஷ்டிரக் குடும்பம், சின்ன வயதில் வீட்டிலேயே முடிச்சுப் போட்டுக் கூலி வாங்கியவர். சேலையைக் கையில் வாங்கினவுடன் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பிரிண்டும்மா. நல்ல பிரிண்டுதான், கட்டு."

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இன்றுவரை எனக்குக் கை கொடுக்கிறது. துணியை நகத்தால் துளியூண்டு கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுவிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் அங்கே புள்ளி. அதனால் கைமுடிச்சுப் புள்ளி எதுவும் அச்சு வார்த்த மாதிரி வட்டமாக இருக்காது. ஒன்று கொஞ்சம் சதுரமாக, ஒன்று கோணலாக, நடுவில் ஊசி குத்திய அளவுக்குச் சாயம் தங்கியிருக்கும். விரலால் தடவினால் புள்ளிகள் லேசாகப் புடைத்துத் தெரியும். உள்பக்கத்திலும் நிறம் அதே அடர்த்தி. பிரிண்டில் உள்பக்கம் வெளிறிக் கிடக்கும். மெழுகு வைத்துச் சாயம் போட்ட ரகமும் இருக்கிறது, அதில் இரண்டு பக்கமும் நிறம் பிடித்திருக்கும், ஆனால் மெழுகு வெடித்த இடங்களில் தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் ஓடும். மதுரைச் சுங்குடிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்தும், நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தப் பெயரில் விரித்துப் போட்டவற்றில் பெரும்பாலானவை பிரிண்டுதான். சின்னாளபட்டியிலிருந்து வருகிற சுங்குடியும் கலந்தே கிடக்கும். கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

சரி, இது தெரிந்தபிறகு கடைக்குப் போவதே தனிச் சுகமாகிவிட்டது. பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்தால், திருமலை நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய தூண்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும், சுற்றி ஜவுளிக்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் போய்விடுவேன், வெயிலும் ஏறியிருக்காது, கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் அரக்கு கலந்த மாதிரி இருக்காண்ணே?" என்றால் அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார், புதுக் கட்டு ஒன்று வந்து விழும், கஞ்சியும் சாயமும் கலந்த அந்தப் புதுத்துணி வாசம் அடிக்கும். நாலு முறை போனால் ஒரு முறைதான் வாங்குகிறேன், மற்ற மூன்று முறையும் ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். போனில் படம் பார்த்தும் ஒன்று வாங்கிப் பார்த்தேன். நிறம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் துணி சாக்கு மாதிரி வந்தது. நூல் எவ்வளவு மெல்லிசு என்பதைப் படத்தில் தொட்டுப் பார்க்க முடியாதே.

ஒரே ஒரு முறை முடிச்சு அவிழாத சேலை கிடைத்தது. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று குறுக்கே வெடுக்கென்று இழுத்தோம், சடசடவென்று நூலெல்லாம் தெறித்து விழுந்து, சுருங்கிக் கிடந்த துணி அகலமாக விரிந்தது. கூடம் முழுக்க நூல் துணுக்கு, இரண்டு நாள் பெருக்கினேன். கத்தரிப்பூ நிறம், 1,500 ரூபாய். என்னிடம் இருக்கிற ஒன்பதில் அதற்குத்தான் முதலிடம்.

இனி தொல்லைகள். சாயம் போகும். நானும் நம்பாமல், இரண்டாவதாக வாங்கிய மெரூன் சேலையை வீட்டுக்காரரின் வேட்டியோடு ஊறப்போட்டேன், அவர் அந்த வேட்டியை அப்புறம் கட்டவே இல்லை. முதல் மூன்று அலசலுக்குத் தனி வாளி, பச்சைத் தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு, சோப்பே வேண்டாம், ஊறவும் விட வேண்டாம். காயப்போடுவது நிழலில், உள்பக்கம் வெளியே வரும்படி. உப்பு போட்டதால்தான் சாயம் நின்றதா, மூன்று அலசலில் அதிகப்படிச் சாயம் போய்விட்டதா என்று கேட்டால் நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் உப்பை விடவில்லை, அக்கா கோபித்துக்கொள்வார்.

அப்புறம் ஃபால்ஸ். தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் சேலையையும் ஒரு தடவை நனைத்துக் காயவையுங்கள், ஃபால்ஸ் துணியையும் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காமல், கீழ்ப்பக்கம் முழுக்க அப்பளம் மாதிரி நெளியும். எனக்கு இரண்டு சேலை நெளிந்தது, பிரித்துத் தைக்கக் கூலி வேறு.

கஞ்சி போடாவிட்டால் மதியத்துக்குள் மடிப்பெல்லாம் சரிந்து, ஆபீஸிலிருந்து கிளம்பும்போது தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். கடையில் விற்கிற பொடியைவிட வடிகஞ்சிதான் துணியை விறைப்பாக்காமல் நிறுத்துகிறது. ஆனால் துணியில் வடிகட்டிவிட்டு, தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தபிறகு முக்க வேண்டும், சோம்பல்பட்டு அப்படியே ஊற்றினால் அடர் நிறச் சேலையில் வெள்ளைத் திட்டு விழும், பருக்கையும் ஒட்டிக்கொள்ளும். முழுக்கக் காய்வதற்குள் லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைத் தின்கிற வேலை, மறைக்கவில்லை. வாரம் ஐந்து நாளும் சுங்குடி என்று சபதம் எடுத்தவள் இப்போது இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது இதைவிட உடம்புக்கு இதமான துணியை நான் கட்டியதில்லை. வேர்வை இழுத்துக்கொள்ளும், காற்று பட்டதும் காய்ந்துவிடும். பத்துப் பதினைந்து சலவைக்கு மேல்தான் துணி பழகி, தோளில் தானாக உட்காரும். இந்த ஏழு வருஷத்தில் மூன்று போன் மாற்றிவிட்டேன், அவற்றில் எதுவும் பழகப் பழக நன்றாகவில்லை.

உழைப்பு என்று பார்த்தால், வாரம் ஒரு முறை கட்டினால் நாலைந்து வருஷம். முதலில் நைவது உட்காருகிற இடம், அப்புறம் ஃபால்ஸுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு. கைமுடிச்சில் சில புள்ளிகளின் நடுவே பொத்தல் விழுகிறது. எல்லாச் சேலையிலும் இல்லை, ஒன்றில் மட்டும். தைத்தால் தெரிகிறது, அதனால் தைக்காமல் மடிப்புக்குள் தள்ளிக் கட்டுகிறேன்.

அந்த 600 ரூபாய் மஞ்சள் பிரிண்ட் 2022இல் நைந்தது. பாதியைத் தங்கை மகனுக்குத் தூளி கட்டினோம். மீதியைக் கிழித்து வைத்திருக்கிறேன், கஞ்சி வடிகட்ட அதைவிட நல்ல துணி வீட்டில் இல்லை.