69 செவி சி10 பின்பக்கம் 4 இன்ச் இறக்கி ஓட்டின அனுபவம்

கலிஃபோர்னியா சான் ஹோசேல இருக்கேன், வண்டி 1969 செவ்ரோலே சி10 பிக்கப், லாங் பெட் (பின்னாடி லோடு ஏத்துற தொட்டி நீளமானது), 350 வி8 இன்ஜின். கோவிட்டுக்கு முன்னாடி வாங்கினது. ஷார்ட் பெட்டுக்குத்தான் எல்லாரும் அலையுறாங்க, அதனால லாங் பெட் கொஞ்சம் கம்மி விலைல கிடைக்கும், 4x8 அடி ப்ளைவுட்டும் அப்படியே படுத்துக்கும், எனக்கு அது போதும். பின் சஸ்பென்ஷன் இறக்கி, அதாவது வண்டியோட பின்பக்கம் தரைக்கு இன்னும் கிட்ட வர்ற மாதிரி தாழ்த்தி, வருஷக்கணக்கா ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் துடைச்சு வெளிய எடுக்கிற வண்டி இல்ல, சிமெண்ட் மூட்டை, தோட்டத்துக்கு மண்ணு எல்லாம் இதுலதான் வருது. இறக்கலாமான்னு கேக்குறவங்க எல்லாம் முதல்ல ஸ்பிரிங் என்ன விலைன்னுதான் கேக்குறாங்க. ஸ்பிரிங்தாங்க இதுல ரொம்ப ஈஸி, அதை மாத்தினதுக்கு அப்புறம் வர்ற வேலைதான் காசையும் நேரத்தையும் திங்கும்.

முதல்ல கீழ குனிஞ்சு பாத்துடுங்க. 67ல இருந்து 72 வரைக்கும் வந்த செவி சி10ல பின்னாடி பெரும்பாலும் சுருள் மாதிரி இருக்கிற காயில் ஸ்பிரிங், அதே வண்டி ஜிஎம்சி பேர்ல வந்ததுல பெரும்பாலும் லீஃப், அதாவது நம்ம ஊர் லாரில இருக்கிற பட்டை. 73க்கு மேல வந்த சி10லயும் லீஃப்தான். லீஃப்னா ஆக்ஸிலை (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற அச்சு) பட்டைக்கு மேல தூக்கி வைக்கிற ஃப்ளிப் கிட், அது வேற வேலை, நான் சொல்றது காயில் வண்டிக்கு மட்டும்.

இந்த காயில் செட்டப்ல ரெண்டு நீளமான டிரக் ஆர்ம் முன்னாடி ஃப்ரேம்ல இருந்து வந்து ஆக்ஸிலைப் பிடிச்சிருக்கும், ஸ்பிரிங் அந்த ஆர்ம் மேல உக்காந்திருக்கும், ஆக்ஸில் சைடுல ஓடாம இருக்க குறுக்க ஒரு பான்ஹார்ட் பார், அவ்ளோதான். பழைய பண்ணை வண்டி டிசைன்னு சிரிச்சுடாதீங்க, அமெரிக்காவோட நாஸ்கார் கப் ரேஸ் கார்ல இதே டிரக் ஆர்ம் 2021 சீசன் வரைக்கும் ஓடுச்சு, 2022ல புது கார் வந்தப்புறம்தான் கழட்டினாங்க.

என் வண்டில முன்னாடி வச்சிருந்தவர் முன்பக்கத்தை இறக்குறதுக்கு டிராப் ஸ்பிண்டில்னு ஒரு பார்ட் போட்டுட்டு பின்னாடி ஸ்பிரிங்கை கிரைண்டர்ல ஒரு சுத்து அறுத்து விட்டிருந்தார். இந்த வண்டில ஸ்பிரிங்கோட மேல் முனை கீழ் முனை ரெண்டுலயும் ஒரு கிளாம்ப் போல்ட் போட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கும், அறுத்த முனை அந்த இடத்துல சரியா உக்காரவே இல்ல, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் டக்குன்னு ஒரு சத்தம், கிளாம்ப் பக்கத்துல பெயிண்ட் தேஞ்சு இரும்பு பளபளன்னு தெரிஞ்சுது. அதைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் 4 இன்ச் டிராப் ஸ்பிரிங் வாங்கினேன்.

மாத்துறதுக்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஸர் கூட வேணாம். ஃப்ரேமுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் வச்சு, ஆக்ஸிலை ஜாக்ல தாங்கிக்கிட்டு, ஷாக் அப்சார்பரும் பான்ஹார்ட் பாரும் கழட்டிட்டு மெதுவா இறக்கினா ஆர்ம் நீளமா இருக்கிறதால ஆக்ஸில் நல்லா கீழ போயிடும், ஸ்பிரிங் கையிலயே வந்துடும். இறக்கும்போது ஆக்ஸிலுக்குப் போற பிரேக் ஹோஸ் மேல ஒரு கண்ணு இருக்கட்டும், அது இழுபட்டா அப்புறம் அழணும். போல்ட் எல்லாம் ஐம்பது வருஷத் துரு, முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் அடிச்சு ஊற விட்டுடுங்க. ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை எல்லாம் வண்டி தரைல நிக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கணும், தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

சரி இறக்கியாச்சு, பாக்க செமையா இருக்கு, பின்னாடி நின்னு பாத்தா ஒரு பக்கம் டயருக்கும் பாடிக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுது, இன்னொரு பக்கம் ஒரு விரலே இடிக்குது. காரணம் அந்த பான்ஹார்ட் பார்தான். ஒரு முனை ஃப்ரேம்ல, ஒரு முனை ஆக்ஸில்ல, ஃப்ரேம் கீழ வந்ததும் பார் சாஞ்ச கோணம் மாறி மொத்த ஆக்ஸிலையும் சைடுல தள்ளிடுது. நீளம் மாத்திக்கிற மாதிரி அட்ஜஸ்டபிள் பார் போட்டு திருகித் திருகி நடுவுக்குக் கொண்டு வந்தேன். இது இல்லாம ஸ்பிரிங் மட்டும் விக்கிறவங்க பாதி விஷயத்தைச் சொல்லாம விக்கிறாங்கன்னுதான் சொல்வேன்.

அடுத்தது ஷாக். பழைய நீளத்துல ஷாக் இருந்தா பாதிக்கு மேல அமுங்கியே நிக்கும், பள்ளம் வந்தா அடில முட்டும். குட்டி ஷாக், மவுண்ட்டை இடம் மாத்துற பிராக்கெட் ரெண்டும் சேத்து போட்டேன். அதுக்கும் மேல ஆக்ஸிலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இடமே இல்ல, ஆள் ரெண்டு பேர் பின்னாடி உக்காந்தாலே பம்ப் ஸ்டாப்ல (ஆக்ஸில் ஃப்ரேம்ல மோதாம தடுக்கிற ரப்பர்) தட்டிடும், அதனால சி-நாட்ச். அதாவது ஆக்ஸிலுக்கு நேர் மேல ஃப்ரேமை அரைவட்டமா வெட்டி எடுத்துட்டு, கனமான பிளேட் வச்சு போல்ட் போட்டு பலப்படுத்துறது. ஃப்ரெண்ட்ஸை பிரியாணி சொல்லி வரவழைச்சு பெட்டைத் தூக்கி ஓரமா வச்சுட்டுத்தான் பண்ணினோம், பெட் மேல இருக்கும்போது கீழ படுத்துக்கிட்டு அந்த ஃப்ரேம்ல ஓட்டை போடுறது நரகம். 4 இன்ச்சுக்கு நாட்ச் கட்டாயம் இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க, லோடு ஏத்தலன்னா சரிதான்.

எனக்கு ரொம்ப நாள் தண்ணி காட்டினது 60 மைல் வேகத்துல வந்த அதிர்வுதான். 680 ஃப்ரீவேல ஏறினா சீட்டுக்கு அடில உர்ருனு ஒரு நடுக்கம், 65 தாண்டினா குறையும். வீல் பேலன்ஸ் பாத்தாச்சு, டயர் பாத்தாச்சு. கடைசில ஆங்கிள் கேஜ் வச்சு அளந்தா டிஃபரன்ஷியல் மூக்கு, அதாவது ஆக்ஸில் நடுவுல டிரைவ்ஷாஃப்ட் வந்து சேர்ற இடம், நாலு டிகிரிக்கு மேல கீழ குனிஞ்சிருக்கு. ஆர்ம் கூடவே ஆக்ஸிலும் திரும்புதில்ல, ஃப்ரேம் இறங்க இறங்க மூக்கு தன்னால குனியும். ஆர்முக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஒரு ஷிம் வச்சு நிமுத்தினதும் பாதி போச்சு. மீதி பாதி, லாங் பெட்ல டிரைவ்ஷாஃப்ட் ரெண்டு துண்டு, நடுவுல இருக்கிற சென்டர் பேரிங்கோட ரப்பர் செத்திருந்துச்சு, அதையும் மாத்தினப்புறம் கண்ணாடி ஆடாம நின்னுச்சு.

இப்ப ஓட்டுறதுக்கு எப்படி? வளைவுல முன்ன மாதிரி சாயுறது இல்ல, காத்தடிக்கிற நாள்ல ஃப்ரீவேல நேரா போகுது. காலியா போகும்போது கம்பெனில இருந்து வந்த ஸ்பிரிங்கை விட கொஞ்சம் கடினம்தான், கான்கிரீட் ரோடு ஜாயிண்ட் எல்லாம் முதுகுல தெரியும். டிரக் ஆர்ம் புஷ் மட்டும் ரப்பரே போட்டேன், ரப்பரை விட கெட்டியான பாலியூரித்தேன் போடச் சொல்லி நிறைய பேர் சொன்னாங்க, வளைவுல அந்த ஆர்ம் முறுக்கணும், கெட்டியா பிடிச்சு வச்சா சஸ்பென்ஷனே விறைச்சுக்கும். டயர் தேய்மானம் பின்னாடி சமமாத்தான் இருக்கு, சாலிட் ஆக்ஸில், கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்வு, மாற வழியே இல்ல.

லோடு விஷயத்துல மனசைத் தேத்திக்கணும். 80 பவுண்ட் சிமெண்ட் மூட்டை பத்து ஏத்தினா வால் நல்லா உக்காந்துடும், அதுக்கு காயிலுக்குள்ள சொருகுற சின்ன ஏர்பேக் போட்டிருக்கேன், ஏத்துறதுக்கு முன்னாடி காத்தடிச்சுட்டு இறக்கினதும் விட்டுடுவேன். வாரா வாரம் முழு லோடு அடிக்கிறவங்க தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வராதீங்க.

போலீஸ் பிடிப்பாங்களான்னு கேப்பீங்க. கலிஃபோர்னியால ரிம்மோட அடி விளிம்புக்குக் கீழ வண்டியோட எந்த பாகமும் இறங்கக்கூடாதுன்னு ரொம்ப காலமா சட்டம் இருந்துச்சு, வண்டியை ரொம்ப தாழ இறக்கி ஓட்டுற லோரைடர் பசங்களைக் குறிவச்சு போட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும், 2024 ஜனவரில இருந்து அது இல்ல. இந்த ஊர்ல 2022லயே வண்டியை ஊருக்குள்ள மெதுவா சுத்தி சுத்தி ஓட்டுற க்ரூஸிங்குக்கு இருந்த தடையையும் எடுத்துட்டாங்க. 4 இன்ச் எல்லாம் அந்த எல்லை கிட்டயே போகாது, அதை விடுங்க. 76க்கு முந்தின மாடல்ங்கிறதால ஸ்மாக் டெஸ்ட்டும் (புகை சோதனை) கிடையாது.

இறக்கின கையோட ஹெட்லைட்டை சரி பண்ணுங்க, வால் இறங்கினா மூக்கு தூக்கி எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். ட்ரெய்லர் இழுக்கிறவங்களுக்கு ட்ரெய்லரை மாட்டுற குண்டு, அதாவது ஹிட்ச் பாலும், 4 இன்ச் கீழ போயிருக்கும், அந்தக் குண்டைத் தாங்குற பால் மவுண்ட்டை தலைகீழா திருப்பி மாட்டினா சரியா வரும், ஆனா திருப்பி மாட்டலாம்னு அதுலயே குறிச்சிருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க.