பச்சைக் கொடியைப் பார்க்காமல் விட்டால் நேருக்கு நேர்தான்

மாடல் ரயில் ஓட்டுபவர்களுக்கென்று விற்கிற 'ரயில் ஆர்டர்' பெட்டி ஒன்றை வாங்கி மூன்று வாரமாக விளையாடிப் பார்த்துவிட்டேன். பழைய அமெரிக்க ஒற்றைப் பாதையில் டைம்டேபிளையும் டிஸ்பாட்சர் (வண்டிகளின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவர்) தந்தியில் சொல்லும் ஆர்டரையும் நம்பியே எதிரெதிர் வண்டிகள் கிராசிங் போட்ட முறை இருக்கிறதே, அதை மேசைமேல் நடத்திப் பார்ப்பதற்கான சாமான்.

காகிதத்தில் குறையே சொல்ல முடியாது. மெல்லிசான தாள், நடுவில் கார்பன், அழுத்தி எழுதினால் மூன்று பிரதி பளிச்சென்று விழுகிறது. 31ஆம் நம்பர் படிவம் என்றால் வண்டியை நிறுத்திக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், 19 என்றால் ஓடுகிற வண்டியிலிருந்தே கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டும் இருக்கிறது. ஆர்டரைக் கட்டி நீட்டுகிற கவைக்குச்சிதான் சொதப்பல். நூல் வழுக்குகிறது, முதல் நாளே ஆர்டர் தரையில் விழுந்து நாங்கள் நாலு பேரும் குனிந்து தேடினோம்.

இனி கொடி. இஞ்சினில் வெள்ளைக் கொடி என்றால் டைம்டேபிளில் இல்லாத எக்ஸ்ட்ரா வண்டி. பச்சை என்றால் அதே நம்பரில், பாதையில் அதே உரிமையோடு இன்னொரு வண்டி, அதாவது இன்னொரு செக்‌ஷன் பின்னால் வருகிறது. லூப்பில் (வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதையில்) காத்திருந்த நண்பர், 'ஒன்றாம் நம்பர் போயாச்சு' என்று வண்டியை எடுத்தார், போன இஞ்சினில் பச்சைக் கொடி இருந்ததைக் கவனிக்கவே இல்லை. அடுத்த வளைவிலேயே இரண்டாவது செக்‌ஷன் எதிரே! நாங்கள் சிரித்தோம், ஆனால் 1918 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் பக்கத்தில் நிஜமாகவே இப்படியொரு தவறு நடந்தது. கடந்துபோன ஷன்டிங் வண்டியை, தாங்கள் எதிர்பார்த்த ஒன்றாம் நம்பர் என்று நாலாம் நம்பர் வண்டிக்காரர்கள் நினைத்து மேலே போய்விட்டார்கள். இரண்டும் நேருக்கு நேர் மோதி 101 பேர் செத்தார்கள்.

இந்தத் தவறைத் தடுக்கத்தான் விசில் இருந்தது. பச்சைக் கொடி கட்டிய இஞ்சின் ஒரு நீளம், இரண்டு குறுக்கம் ஊதும், காத்திருக்கிற வண்டி கவனித்துவிட்டேன் என்று இரண்டு குறுக்கம் திருப்பி ஊதும். பெட்டியோடு வந்த விதிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கொடியின் அளவுக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள்!

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். குச்சிக்குப் பருத்தி நூல் மாற்றிக்கொண்டோம், விசிலை வாயாலேயே ஊதுகிறோம்.