பரவிவிட்ட மெலனோமா: முதலில் மாத்திரையா, டிரிப்ஸா?

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. வரை நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். குழப்பமெல்லாம் அது நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவிய பிறகுதான்.

2011க்கு முன்னால் அந்தக் குழப்பத்துக்கும் இடமில்லை. அமெரிக்காவில் 1975இல் அனுமதி பெற்ற டகார்பசின் என்ற கீமோவைக் கொடுப்பார்கள். பெரும்பாலான நோயாளிகள் ஓராண்டைத் தாண்டவில்லை. பிறகு 2011 மார்ச்சில் இபிலிமுமாப், ஆகஸ்டில் வெமுராஃபெனிப் என்று ஒரே ஆண்டில் இரண்டு வழிகள் திறந்தன. முன்னது ரத்தக் குழாயில் டிரிப்ஸாக ஏற்றும் இம்யூனோதெரபி. பின்னது மாத்திரை. இன்று இரண்டு பக்கமும் ஜோடி மருந்துகள் நிற்கின்றன: டிரிப்ஸ் பக்கம் இபிலிமுமாப்பும் நிவோலுமாப்பும், மாத்திரைப் பக்கம் டப்ராஃபெனிப்பும் டிராமெடினிப்பும்.

மாத்திரை எல்லோருக்கும் கிடையாது. கட்டியின் செல்களில் பிராஃப் என்ற மரபணு மாறியிருக்க வேண்டும். தோல் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. இருந்தால் 'வளரு, வளரு' என்ற உத்தரவு செல்லுக்குள் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். டப்ராஃபெனிப் அந்த உத்தரவை நிறுத்துகிறது. அதே பாதையில் அடுத்த கட்டத்தை டிராமெடினிப் அடைக்கிறது. இம்யூனோதெரபி கட்டியைத் தொடுவதே இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களான டி செல்கள்மேல் இருக்கும் பிரேக்கை விடுவிக்கிறது, அவ்வளவுதான். இந்த பிரேக்குகளைப் புரியவைத்ததற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

வேகத்தில் மாத்திரைதான். மூன்றில் இரண்டு பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்குகிறது, அதுவும் சில வாரங்களுக்குள். படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடமாடுவதைக் குடும்பத்தார் கண்ணால் பார்க்கலாம். டிரிப்ஸில் அந்த உடனடி நிம்மதி கிடைக்காது. முதல் ஸ்கேனே பெரும்பாலும் மூன்று மாதம் கழித்துத்தான். சிலருக்கு அதில் கட்டி பெரிதானதுபோலக்கூடத் தெரியும்; எதிர்ப்புச் செல்கள் உள்ளே போய்க் குவிவதும் காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் மாத்திரையிலேயே தொடங்கிவிடலாமே என்றுதான் தோன்றும். பல வருடங்கள் டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது: முதலில் மாத்திரையால் நோயை அடக்குவோம், மறுபடி தலைதூக்கினால் டிரிப்ஸுக்குப் போவோம். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது.

இதைச் சோதிக்க அமெரிக்காவில் ட்ரீம்செக் என்ற ஆய்வு நடந்தது. பிராஃப் மாற்றம் உள்ள 265 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதலில் டிரிப்ஸ், மற்றதற்கு முதலில் மாத்திரை. நோய் முற்றினால் இரு குழுவும் மருந்தை மாற்றிக்கொள்ளும். இரண்டு ஆண்டு முடிவில் டிரிப்ஸில் தொடங்கியவர்களில் 71.8 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாத்திரையில் தொடங்கியவர்களில் 51.5 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி முடிவை வெளியிட்டார்கள்.

ஏன் இப்படி என்பதற்கு அதே ஆய்வில் ஒரு விடை இருக்கிறது, எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். டிரிப்ஸ் பலிக்காமல் மாத்திரைக்கு மாறியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. அதாவது மாத்திரை இரண்டாவதாக வந்தாலும் தன் வேலையைச் செய்கிறது. மாத்திரை தோற்ற பிறகு டிரிப்ஸுக்கு வந்தவர்களிலோ கட்டி சுருங்கியது 30 சதவீதத்தினருக்கு மட்டுமே. பின்னால் கொடுத்தாலும் பலிக்கும் மருந்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, தாமதித்தால் வலுவிழக்கும் மருந்தை முன்னால் இறக்குவதுதானே சரி?

நீண்ட காலக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. டப்ராஃபெனிப், டிராமெடினிப் ஜோடியில் ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 34 சதவீதம். இபிலிமுமாப், நிவோலுமாப் ஜோடியைச் சோதித்த செக்மேட் 067 ஆய்வில் பத்து ஆண்டுக்குப் பிறகும் 43 சதவீதம் பேர் இருந்தார்கள். வேறு வேறு ஆய்வுகள், வேறு வேறு நோயாளிகள், அதனால் எண்களை நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமில்லை. ஆனாலும் நான்காம் நிலை மெலனோமாவில் பத்து ஆண்டு என்பது டகார்பசின் காலத்தில் யாரும் பேசத் துணியாத பேச்சு. மாத்திரைக்கும் நியாயம் செய்ய வேண்டும்: கட்டி ஸ்கேனிலிருந்து முழுதாக மறைந்துபோன சிறு பகுதியினரில் 71 சதவீதம் பேர் ஐந்து ஆண்டைத் தாண்டினார்கள்.

இனி விலை. பணத்தைச் சொல்லவில்லை, அது இரண்டிலும் குடும்பத்தை உலுக்கும். உடம்பு கொடுக்கும் விலையைச் சொல்கிறேன். இந்த டிரிப்ஸ் ஜோடியில் 10 பேரில் 6 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வருகிறது. பிரேக் விட்டுப்போன டி செல்கள் குடல், கல்லீரல், தைராய்டு, பிட்யூட்டரி என்று கண்டதையும் தாக்கும். வயிற்றுப்போக்கை 'ஏதோ சாப்பிட்டது சேரவில்லை' என்று இரண்டு நாள் விட்டுவைத்தால் ஆபத்தில் முடியும். உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும், பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படும். ஹார்மோன் சுரப்பிகள் அடிபட்டால் பலருக்கு ஆயுசுக்கும் ஹார்மோன் மாத்திரைதான். பிராஃப் மாத்திரைகளில் தொல்லை வேறு வகை: பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல், சிலருக்கு இதயத்திலும் கண்ணிலும் கோளாறு. மருந்தை நிறுத்தினால் இவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

அன்றாட வசதியைப் பார்த்தால் மாத்திரையை வீட்டில் இருந்தபடி எடுக்கலாம். ஆனால் டப்ராஃபெனிப் தினம் இரண்டு வேளை, வெறும் வயிற்றில். பலன் தந்துகொண்டிருக்கும் வரை முடிவில்லாமல் தொடர வேண்டும். டிரிப்ஸுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான்கு தடவை ஜோடி மருந்து, அப்புறம் நிவோலுமாப் மட்டும். பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியவர்களில் பலருக்கும் பலன் தொடர்ந்தது என்பது இதில் வினோதமான நல்ல சேதி.

ஜோடியைத் தாங்க மாட்டார் என்று தோன்றும் வயதானவருக்கு நடுவழிகள் உண்டு. நிவோலுமாப்போடு ரிலாட்லிமாப் சேர்ந்த மருந்து 2022இல் வந்தது. அதில் கடுமையான பக்கவிளைவு சுமார் 19 சதவீதத்தினருக்கு. இதே வகை டிரிப்ஸான பெம்ப்ரோலிசுமாப்பைத் தனியாகவும் கொடுக்கலாம். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், 90 வயதில், கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவிய மெலனோமாவுக்கு அதுதான் கொடுத்தார்கள், அறுவையும் கதிர்வீச்சும் கூடவே. அவர் 2024 டிசம்பரில் 100 வயதில்தான் காலமானார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று அர்த்தமில்லை.

அப்படியென்றால் மாத்திரையில் தொடங்க வேண்டியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ட்ரீம்செக்கிலேயே முதல் பத்து மாதம்வரை டிரிப்ஸ் குழு முன்னிலையில் இல்லை. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடக் கோடுகள் அதற்குப் பிறகுதான் இடம் மாறின. நோய் நாலு கால் பாய்ச்சலில் ஓடி, மூன்று மாதம் காத்திருக்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு மாத்திரைதான் முதல் கை. அதிக அளவு ஸ்டீராய்டில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் ஆகியோருக்கும் டிரிப்ஸ் சிக்கல். அவகாசம் இருப்பவர் என்றால் என் ஓட்டு டிரிப்ஸுக்குத்தான்.

கடைசியாக, கறுத்த தோல்காரர்களான நமக்கு இந்தப் போட்டியே கொஞ்சம் மாறிப்போகிறது. நம்மிடம் மெலனோமா அபூர்வம். வந்தால் வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்துக்கு அடியிலும்தான் அதிகம். பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இந்த வகைதான். 1981இல் 36 வயதில் இறந்தார். கால் ஆணி, அடிபட்ட ரத்தக்கட்டு என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இதில் சகஜம். இந்த வகையில் பிராஃப் மாற்றம் குறைவு, அதனால் பெரும்பாலோருக்கு மாத்திரை என்ற தேர்வே இருக்காது. இம்யூனோதெரபியும் வெயில் பட்ட தோலில் வரும் மெலனோமா அளவுக்கு இதில் கேட்பதில்லை. சிலருக்குக் கிட் என்ற வேறொரு மரபணு மாறியிருக்கும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாடினிப் மாத்திரை உதவுகிறது. ஆகவே பரவிய நோய்க்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன், பயாப்ஸி எடுத்த திசுவில் பிராஃபோடு கிட்டையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.