என்ன கிட்டார் என்று கேட்காத அழைப்பு

கிட்டார் வாசிப்பவர்களுக்கு, அதிலும் பிளெக்ட்ரம் இல்லாமல் விரல்களாலேயே மீட்டி, தனியாளாக மேடையேறும் ஃபிங்கர்ஸ்டைல் ஆட்களுக்கு இதை எழுதுகிறேன். ‘லைவ் கிட்டார் இரவு’ என்று ஓர் அழைப்பு வந்து, ஊர் விட்டு ஊர் போய், வாசித்தும் வாசிக்காமலும் திரும்பி வந்திருக்கிறேன். ஏற்பாட்டாளர்களின் பெயரைப் போடப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் நடத்துகிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பெயர் மாறினாலும் முறை மாறவில்லை, அதனால் முறையைச் சொல்கிறேன்.

முதல் செய்தி நன்றாகவே இருந்தது. என் காணொளி ஒன்றைப் பார்த்தார்களாம், நடுவில் கட்டைவிரல் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள், தனியாக நடக்கிற இடம் பிரமாதமாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்பது நிமிடம் என் நேரம், அதற்கு ஒரு சன்மானம், போக வரப் பயணச் செலவு, ஓர் இரவு தங்க அறை. டிக்கெட்டை மட்டும் நானே எடுத்துக்கொள்ள வேண்டும், நிகழ்ச்சி முடிந்ததும் ரசீதைக் காட்டினால் சன்மானத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். போனில் பேசியவருக்கு நல்ல குரல். வார்த்தைக்கு வார்த்தை ‘ப்ரோ’.

அடுத்த மூன்று வாரத்தில் அவர்கள் என்னிடம் கேட்டதையெல்லாம் பின்னால் உட்கார்ந்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம். இரண்டு வரி அறிமுகம். எத்தனை பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள். அந்த ஊரில் சொந்தக்காரர்கள், நண்பர்கள் யாராவது உண்டா. டி-ஷர்ட் அளவு.

என்ன கிட்டார் வாசிக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஸ்டீல் கம்பியா நைலானா, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றுவது) உண்டா, இருந்தால் ஆக்டிவா பாசிவா, மைக் வைக்க வேண்டுமா, உட்கார்ந்து வாசிப்பீர்களா நின்றா, எதுவுமே இல்லை. இதற்கு முன்னால் நான் வாசித்த உருப்படியான மேடைகளில், அது சின்னக் காபிக் கடையாக இருந்தாலும், இரண்டாவது உரையாடலுக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். மரியாதைக்காகக் கேட்பதில்லை. பதில் தெரியாமல் அவர்களால் எந்தக் கருவியை வாடகைக்கு எடுப்பது என்று முடிவுசெய்யவே முடியாது. கேட்கவில்லை என்றால் எதையும் எடுக்கப்போவதில்லை என்று அர்த்தம். அன்றைக்கு இது உறைக்கவில்லை. நானாகவே கேட்டேன், கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் இருக்குமா என்று. “எல்லாம் இருக்கு ப்ரோ, நீங்க விரலை மட்டும் கொண்டுவாங்க” என்று பதில் வந்தது. அதை நம்பி, சிக்னலை வலுப்படுத்தும் என் ப்ரீஆம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். சொந்த ப்ரீஆம்ப் இல்லாமல் எவனாவது வெளியூர் போவானா என்று கேட்பவர்களுக்கு: போனேன்.

போஸ்டர் வந்தது. என் முகம் பெரிதாகவே இருந்தது. நான் பகிர்ந்தேன், மனைவி பகிர்ந்தாள், பள்ளிக்கூடத்து நண்பர்கள் வாழ்த்தினார்கள். இது நடந்து இரண்டு நாள் கழித்துத்தான் ‘பங்கேற்பாளர் பதிவுத் தொகை’ என்ற ஒன்று முளைத்தது. யாராவது கடைசி நேரத்தில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது, அதற்கான பிணைத்தொகைதான், மேடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார். போஸ்டருக்கு முன்னால் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு விலகியிருப்பேன். ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு விலகுவது வேறு விஷயம். அந்த இரண்டு நாள் இடைவெளியை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பணம் போன கணக்கு நிகழ்ச்சியின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அதற்கடுத்த வாரம் நுழைவுச்சீட்டுகள். ஒவ்வொரு கலைஞருக்கும் இருபது, விற்றுக் கொடுத்தால் ‘உதவியாக’ இருக்குமாம். தெரியாத ஊரில் யாரிடம் விற்பது என்று கேட்டதற்கு, முடிந்தவரை பாருங்கள் என்றார். விற்காத சீட்டு யார் தலையில் விழும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பயணத்தில் கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் அடியில் துணி மடித்து வைத்து, விமானத்துக்குள் கையிலேயே கொண்டுபோனேன். அமெரிக்காவில் இதற்கென்று 2012-இல் சட்டமே போட்டார்கள், ஏறும் நேரத்தில் மேல்தட்டில் இடம் இருந்தால் கிட்டாரை உள்ளே விட்டாக வேண்டும். மற்ற பல இடங்களில் வாசலில் நிற்பவரின் மனசுதான். எனக்கு அன்று நல்ல மனசுக்காரர் வாய்த்தார். இறங்கி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேஸைத் திறந்து முன்னும் பின்னும் பார்த்தேன். கீறல் இல்லை.

அழைத்துப்போக ஒரு கார் வந்தது. பின் சீட்டில் ஸ்பீக்கர் ஸ்டாண்டுகள் அடைத்துக் கிடந்ததால் கிட்டாரை டிக்கியில் வைத்தார் ஓட்டுநர். அரை மணி நேரப் பயணம், சரி என்று விட்டேன். வழியில் இன்னும் ஒருவரை ஏற்ற வேண்டும் என்றார். அவருக்காக வெட்டவெளி வாகன நிறுத்தத்தில் காத்திருந்தோம். உச்சி வெயில். நாங்கள் இருவரும் நிழலில் போய் நின்றோம், கிட்டார் டிக்கியில் இருந்தது. ஒன்றரை மணி நேரம். அந்த இன்னொருவர் வரவே இல்லை.

அறையில் கம்பிகளை இழுத்து சுருதி சேர்க்கும்போது ஏதோ சரியில்லை என்று பட்டது. நிற்கவே மாட்டேன் என்றது, நிமிடத்துக்கு நிமிடம் இறங்கியது. விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜின் பின்விளிம்பில், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. பையில் இருந்த விசிட்டிங் கார்டின் முனையை வைத்து மெதுவாகத் தள்ளினேன். உள்ளே போயிற்று. லைட் கேஜ் ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் பிரிட்ஜை இழுத்துக்கொண்டே இருக்கும். தளர்த்தி வைத்திருந்தாலும் கொஞ்சமாவது இழுக்கத்தான் செய்யும். அதைப் பிடித்து வைத்திருப்பது பசை. வெயிலில் நிற்கும் காரின் டிக்கிச் சூட்டில் அந்தப் பசை இளகும். கிட்டாரைக் காரில் விடாதே என்று மாணவர்களுக்கு நான் சொல்லாத நாளில்லை.

கம்பிகளை மறுபடி இறக்கினேன். நல்ல வேளை, என் பட்டியலில் பாதி டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதியில் உள்ளவை, முதல், இரண்டாவது, ஆறாவது கம்பிகள் ஒரு முழு சுரம் தாழ்ந்தே இருக்கும். மொத்தத்தையும் அதிலிருந்து இன்னும் அரை சுரம் இறக்கி வாசிக்கலாம், பிரிட்ஜ் ஓர் இரவு தாங்கும் என்று முடிவுசெய்தேன்.

நான்கு மணிக்கு சவுண்ட்செக் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு மணிக்கு அரங்கம் பூட்டியிருந்தது. படிக்கட்டில் தோளில் கிட்டாரோடு எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சுக் கொடுத்தபோதுதான் வேடிக்கை வெளியே வந்தது. எட்டுப் பேரில் மூன்று பேரிடம் ‘நிறைவு நிகழ்ச்சி உங்களுடையதுதான்’ என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நாற்பது நிமிடம். எல்லோரும் பிணைத்தொகை கட்டியவர்கள். அரங்கத்தையோ மூன்று மணி நேரத்துக்குத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று காவலாளி சொன்னார். ஒருவர் விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

ஒலி பார்க்க வந்த பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனையும் கடைசி நாளில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். “எத்தனை கிட்டார்னே எனக்குச் சொல்லல அண்ணா” என்றான். மேடையில் இருந்தது பாடகர் மைக் இரண்டு, கீபோர்டுக்கான நீளக் கேபிள் ஒன்று. டிஐ பாக்ஸ் கிடையாது. என் கிட்டாரில் இருப்பது பாசிவ், அதாவது பேட்டரியில்லாத, பியெசோ பிக்கப். அதற்கு எதிரே குறைந்தது ஒரு மெகா ஓம் உள்ளீடு இருந்தால்தான் முழு ஒலி வரும். மிக்ஸரின் லைன் உள்ளீடு பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அப்படியே செருகினால் பேஸ் காணாமல் போய்விடும். போயிற்று. அவர்கள் புகழ்ந்த அந்தக் கட்டைவிரல் பேஸ்தான் முதலில் போனது. மிச்சம் இருந்தது தகர டப்பாவில் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட சத்தம்.

பையன் கெட்டிக்காரன். பாடகர் மைக்கைத் தாழ்த்தி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே கொண்டுவந்து வைத்தான். ஒலி மனிதத்தன்மைக்கு வந்தது, கூடவே ஃபீட்பேக் என்கிற ஊளைச் சத்தமும் வந்தது. அதை அடக்க மானிட்டரை அணைக்க வேண்டியதாயிற்று. ஆகவே நான் வாசிப்பது எனக்குக் கேட்காது. சரி, வாசிப்போம்.

மேடையேறும் முன் திரைக்குப் பின்னால் ஓர் அட்டையும் பேனாவும் நீட்டினார்கள். “வருகைப் பதிவு ப்ரோ, ஒரு சைன்.” இருட்டு. ஒரு கையில் கிட்டார், இன்னொரு கையில் ட்யூனர். என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளின் மேல்பாதியில் பொடி எழுத்தில் ஏழெட்டு வரி இருந்ததைப் பார்த்தேன், படிக்கவில்லை. மேடையில் வாசிப்பதைப் பதிவுசெய்ய வாசிப்பவரின் சம்மதம் வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கைக் காலத்திலிருந்தே உள்ள விஷயம். அந்தச் சம்மதத்தைத்தான் வருகைப் பதிவு என்ற பெயரில் வாங்கிக்கொண்டார்கள், காலவரையறை இல்லாமல், எந்த ஊடகத்துக்கும், தொகை எதுவும் இல்லாமல். படிக்கட்டில் பழக்கமான ஒருவர் மட்டும் விவரமாகத் தாளைப் போனில் படம் பிடித்திருந்தார், அவர் அனுப்பித்தான் பிறகு முழுதாகப் படித்தேன்.

எனக்குக் கிடைத்தது ஒன்பது நிமிடம். முதல் உருப்படி ஐந்து. அதற்குள் பிரிட்ஜ் இன்னும் கொஞ்சம் எழும்பி, மூன்று கம்பிகள் இறங்கிவிட்டன. குனிந்து சுருதி சேர்த்தேன், ஒன்றரை நிமிடம் போயிருக்கும். இரண்டாவது உருப்படியின் நடுவில் பக்கவாட்டிலிருந்து யாரோ போன் டார்ச்சை ஆட்டினார்கள். நிறுத்தினேன். கைதட்டல் இருந்தது. முன்வரிசை முழுக்க எனக்கு அடுத்து வாசிக்க வேண்டிய பையனின் அத்தை, மாமா, சித்தி. அவன் சீட்டெல்லாம் விற்றிருந்தான்.

பணம் அன்றிரவு வரவில்லை. கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பத்து நாள் கழித்துக் கணக்கு வந்தது. சன்மானத்திலிருந்து விற்காத இருபது சீட்டின் விலை கழிவு. அறை வாடகை கழிவு. கார் கழிவு. ‘ஒலி ஏற்பாடு’ என்று ஒரு கழிவு, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். பயணச் செலவு என்ற வரியே இல்லை. கடைசியில், பிணைத்தொகையையும் நேர்செய்த பிறகு, நான்தான் அவர்களுக்குச் சிறிது தர வேண்டியிருக்கிறதாம். “பரவால்ல ப்ரோ, நமக்குள்ள என்ன, விட்டுடறோம்.”

பிரிட்ஜைப் பற்றிக் கேட்டேன். விமானத்தில் நடந்திருக்கும் என்றார். விமானத்தில் நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பன்னாட்டுப் பயணத்தில் ஒப்படைத்த பெட்டிக்குச் சேதம் என்றால், 1999-ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி, கையில் வாங்கிய ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்து இழப்பீடு கேட்கலாம், உச்சவரம்புக்கு உட்பட்டு. விமானத்துக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. டிக்கிக்கு யாரிடம் போவது?

அதன் பிறகு என் செய்திகளுக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. சில நாளில் முகப்புப் படமும் மறைந்தது. பிணைத்தொகையைக் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்டுப் பார்த்திருக்கலாம். நேரே ஒருவர் கணக்குக்கு அனுப்பிய பணத்தைத் திரும்ப இழுப்பது லேசில்லை. வங்கியில் புகார் எண் ஒன்று கொடுத்தார்கள், அது பத்திரமாக இருக்கிறது. எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் சேர்ந்து காவல்துறையிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பழுதுபார்ப்பவர் பிரிட்ஜை முழுதாகப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, கிளாம்ப் போட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தார். நல்ல வேலை. ஒட்டிய இடம் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது யார் அழைத்தாலும் ஒரு பக்கத் தாள் ஒன்றை முதலில் அனுப்பிவிடுகிறேன். எத்தனை நிமிடம், சவுண்ட்செக் எத்தனை மணிக்கு, மேடையில் என்ன உள்ளீடு வேண்டும், பதிவுசெய்தால் அது யாருக்குச் சொந்தம், பாதிச் சன்மானம் எந்தத் தேதிக்குள். இரண்டு பேர் அதன் பிறகு பேசவே இல்லை. ஒருவர் மட்டும் உடனே திருப்பிக் கேட்டார், ஆக்டிவ் டிஐ போதுமா, எங்கள் மிக்ஸரில் அதற்கு மின்சாரம் தர 48 வோல்ட் ஃபான்டம் பவர் இருக்கிறது என்று. அந்த ஊருக்கு அடுத்த மாதம் போகிறேன், ப்ரீஆம்போடு.

அந்தக் கூட்டம் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டது, புதிய பெயரில். அழைப்போடு ஒரு நிமிட விளம்பரக் காணொளி ஒன்றும் அனுப்புகிறார்கள். கறுப்புத் திரை, நீல வெளிச்சம், பின்னணியில் யாரோ வாசித்த இசை. அதில் பாதி தாண்டியதும், கண்ணை மூடித் தலையைக் கவிழ்த்து இசையில் மூழ்கியிருப்பதுபோல ஒருவன் தெரிவான். அது நான்தான். வாசிக்கவில்லை, சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.