வீட்டு ரீஃபில் கிட்: வாங்கலாம், ஆனால் கறுப்பு பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள்

நாலு நிறத்தில் மை பாட்டில், நாலு சிரிஞ்ச், மொட்டை ஊசிகள், துளை போட ஒரு குட்டித் திருகி, மெல்லிசாக ஒரு ஜோடி கையுறை. தீர்ந்த இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜில் (பிரிண்டருக்குள் மாட்டும் மை டப்பா) வீட்டிலேயே மை ஊற்ற, "எல்லா பிரிண்டருக்கும்" என்று போட்டு விற்கிற ரீஃபில் கிட்டில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். அந்த "எல்லா"வை நம்பாதீர்கள். ஹெச்பி 680, 803, கேனான் 745, 746 மாதிரி, ஹெட் (பேப்பரில் மையைத் தெளிக்கும் பகுதி) கார்ட்ரிட்ஜிலேயே ஒட்டியிருக்கும் வகைக்குத்தான் இது லாயக்கு. எப்சனில் ஹெட் பிரிண்டருக்குள் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் வகை என்றால், மை அளவைக் கணக்கு வைக்கும் சிப்பையும் சமாளிக்க வேண்டும். அதற்கு இந்த கிட் போதாது.

பெரிய குறை கறுப்பு மைதான். மேலே சொன்ன கறுப்பு கார்ட்ரிட்ஜ்களில் கம்பெனி ஊற்றியிருப்பது பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறத்துகள் கலந்த மை. கிட்டில் வருவது அநேகமாக டை மை, அதாவது தண்ணீரில் கரைந்த சாயம். அச்சு வரும், ஆனால் எழுத்து வெளிறித் தெரியும், ஓரம் கசியும், ஈரக்கை பட்டால் கரையும். மிச்சமிருக்கும் பிக்மென்ட்டோடு கலந்து திரிந்தால் நாசில் (ஹெட்டில் மை வரும் நுண்துளை) அடைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. "பிக்மென்ட் பிளாக்" என்று போட்ட பாட்டிலைத் தனியாக வாங்கிவிடுங்கள். கலர் மையில் இந்தத் தொல்லை இல்லை.

கார்ட்ரிட்ஜின் மேல் லேபிளை உரித்தால் துளைகள் தெரியும். கலரில் எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அட்டைப்பெட்டியில் போட்ட படத்தை நம்பாமல், துளைக்கு ஒரு பல்குத்தியாக விட்டு, ஒட்டி வரும் நிறத்தைப் பாருங்கள். கீழே டிஷ்யூவை மடித்து வைத்து, ஊசியை ஸ்பாஞ்சின் அடிவரை இறக்கி, மெதுவாக அழுத்துங்கள். ஒரு மில்லிக்கு அரை நிமிடமாவது ஆகட்டும். அவசரப்பட்டால் ஸ்பாஞ்சில் காற்று சிக்கும். கார்ட்ரிட்ஜ் நிறைந்திருக்கும், பேப்பரில் கோடு கோடாகத்தான் விழும். சாதாரண அளவு கார்ட்ரிட்ஜ் என்றால் கலருக்கு நிறத்துக்கு 2 மில்லி, கறுப்புக்கு 4 மில்லி போதும். துளை வாயில் மை எட்டிப்பார்த்தால் அரை மில்லியைத் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். வழிய விட்டால் மஞ்சளுக்குள் மெஜந்தா இறங்கிவிடும், அப்புறம் மஞ்சளே வராது.

துளையைக் காற்றுப் புகாமல் டேப் போட்டு அடைப்பது பலர் செய்யும் காரியம். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் நாலைந்து பக்கத்தில் மை நின்றுவிடும். பழைய லேபிளையே லேசாக ஒட்டுங்கள்.

கலர் கார்ட்ரிட்ஜின் ஹெட்டை ஈர டிஷ்யூவில் ஒற்றினால் மூன்று நிறமும் தனித்தனிப் பட்டையாக விழ வேண்டும். விழுந்தால் பிரிண்டரில் ஒரு தடவை கிளீனிங் (ஹெட்டைச் சுத்தம் செய்யும் வசதி) கொடுத்து அச்சிடலாம். திரும்பத் திரும்ப கிளீனிங் கொடுத்தால் ஊற்றிய மை அதிலேயே போய்விடும்.

ஊற்றிய பிறகும் மை அளவு காலி என்றேதான் பிரிண்டர் காட்டும். கேனானில் ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்த எச்சரிக்கை போகும். ஹெச்பியில் பெரும்பாலும் ஓகே கொடுத்தாலே போதும். ஆனால் அதன்பின் மை தீர்வதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். எழுத்து மங்கத் தொடங்கிய அன்றே ஊற்றுங்கள். மை இல்லாமல் ஓட்டினால் ஹெட்டில் மையைச் சூடாக்கித் தெளிக்கும் ஹீட்டர் கருகிவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் வராது.